வாசலில் வைப்பதற்கல்ல

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய பயிர்ப்பெருக்க ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் ஏப்ரலில் நடக்கவிருக்கும் உயிரியலின் வரலாறும் தத்துவமும் பற்றிய மாநாட்டில் ‘ஒட்டு மரம் ஒன்றா, இரண்டா?’ என்ற கட்டுரையைப் படிக்கிறேன். அதற்கு எதிருரை சொல்லத் தங்களை நியமித்திருப்பதாக மாநாட்டுச் செயலாளர் அம்மையார் தெரிவித்தார்.

இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையாளரும் எதிருரையாளரும் மாநாட்டுக்கு முன்பே கையால் கடிதம் எழுதி வாதாட வேண்டும். கணினியில் தட்டினால் ஏசத் தோன்றுகிறது, கையால் எழுதினால் யோசிக்கத் தோன்றுகிறது என்பது செயலாளரின் கட்சி. இருவர் கடிதங்களையும் எதிருரையாளர் நகலெடுத்து அனுப்ப வேண்டும். அவற்றை அரங்கத்தின் வாசலில் மேசைமேல் வைப்பார்கள். வருகிறவர்கள் படித்துவிட்டு உள்ளே வருவார்கள்.

கட்டுரையின் சாரம் இதுதான். ஒரு மரத்தின் அடித்தண்டில் வேறொரு மரத்தின் கிளையை ஒட்டினால் கிடைப்பது ஒரு மரமா, இரண்டா? தண்டை எண்ணியவர்கள் ஒன்று என்றார்கள். விதையை எண்ணியவர்கள் இரண்டு என்றார்கள். இப்போது மரபணுவை எண்ணுகிறோம். எண்ணிக்கை மரத்தில் இல்லை, நாம் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது என்கிறேன் நான்.

தங்கள் கருத்தை எதிர்நோக்கும்,
கட்டுரையாளர்

*(தனித்தாள். வாசலில் வைப்பதற்கல்ல.)*

அக்கா,

நாம் உடன்பிறந்தவர்கள் என்பது செயலாளருக்குத் தெரியாது. “ஒட்டுக் கத்தி பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடினேன், அருமையான ஆள் கிடைச்சிருக்காங்க” என்றார். யாரென்று சொன்னதும் சிரிப்பதா ஓடுவதா என்று எனக்குப் புரியவில்லை. விருப்பமில்லை என்றால் மறுத்துவிடு. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எடுத்துக்கொள்வேன், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

தம்பி

பிப்ரவரி 15

கட்டுரையாளர் அவர்களுக்கு,

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, இரண்டாம் முறை சிவப்பு மையோடு.

எண்ணிக்கை கேள்வியில்தான் இருக்கிறது என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் என் கத்திக்கு என்ன வேலை? கிளையும் அடிமரமும் ஒன்றையொன்று ஏற்காவிட்டால் இரண்டு வாரத்தில் கிளை கறுத்துப் போகும். கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கட்டுரையில் எல்லோரும் பேசுகிறார்கள், மரம் மட்டும் பேசவில்லை.

ஆறாம் பக்கத்தில் ‘ஒரு வீட்டின் பின்கட்டில் நின்ற மரம்’ என்று ஓர் உதாரணம் வருகிறது. கசப்பு நாரத்தையின் அடிமரத்தில் எலுமிச்சை ஒட்டியது, கீழிருந்து ஒரு நாரத்தைக் கிளை தெற்குப் பக்கமாகக் கிளம்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். தெற்குப் பக்கமில்லை, குளியலறை ஜன்னல் பக்கம். எதிருரையாளருக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

மாநாட்டு நாட்களில் என் சோதனைத் தோட்டத்தில் பூப் பூக்கும். காலையில் மகரந்தம் தொட்டு வைக்காவிட்டால் நாலு வருட உழைப்பு வீண். எதிருரையை எழுதி அனுப்புகிறேன், வேறு யாராவது வாசிக்கட்டும்.

எதிருரையாளர்

*(தனித்தாள்.)*

எதிருரைக்கு ஆள் போட்டால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வருமோ? இருக்கட்டும். கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. உன் மாணவர்கள் பாவம்.

உன் கல்யாணத்தன்று நான் சொன்னதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுதுவாய். வாயாடிக்கு இடம் கொடுத்தால் நாலு பக்கம் வரும்.

அக்கா

மார்ச் 2

மதிப்பிற்குரிய எதிருரையாளர் அவர்களுக்கு,

தாங்கள் சொன்னது சரி. கட்டுரையில் மரத்துக்கு வாயில்லை. மூன்று நாள் உர்ரென்று இருந்துவிட்டு ஐந்தாம் பகுதியைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். கேள்வி நம்முடையது, ஆனால் பதிலில் மரத்துக்கும் பங்கு உண்டு. ஒட்டிக்கொள்வதும் மறுப்பதும் அதன் பங்கு. புதிய பகுதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

குளியலறை ஜன்னலையும் திருத்திவிட்டேன்.

கட்டுரையாளர்

*(தனித்தாள். இதை அடுப்பில் போட்டாலும் சரி, வாசலில் வைக்காதே.)*

அக்கா, நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் ஆய்வகத்தில் இருந்தவன் பாதியில் விட்டுவிட்டுத் தத்துவம் படிக்கப் போனேன். உனக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் கல்யாணத்தன்று சாப்பாட்டு மேசையில் என் மாமனாரின் அண்ணன், “மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறார்?” என்று உன்னிடம் கேட்டார். “வேலையா? மத்தவங்க பாக்கற வேலையைப் பத்திப் பேசிட்டிருக்கான்” என்றாய். மேசையே சிரித்தது. அன்றைக்கு நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகவும் வழியில்லை. அதற்குப் பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் நீயும் நிறுத்திவிட்டாய்.

இப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நீ வர வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டபிறகும் இது வேலையில்லை என்று தோன்றினால் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போ, ஏற்றுக்கொள்கிறேன். கேட்காமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் தம்பி மனைவி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என் மகள் குட்டி, “அத்தை நெஜமாவே இருக்காங்களா, இல்ல நீ சும்மா சொல்றியா?” என்று கேட்கிறாள். போட்டோவைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

வாயாடி

மார்ச் 19

கட்டுரையாளர் அவர்களுக்கு,

புதிய ஐந்தாம் பகுதி முன்னதைவிடப் பல மடங்கு தேவலை. ஒன்று சேர்க்கிறேன், விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு மரம் ஒழுங்காகக் காய்க்கும்வரை அது ஒன்றா இரண்டா என்று எந்தத் தோட்டக்காரரும் எண்ணுவதில்லை. கீழேயிருந்து நாரத்தைக் கிளை கிளம்பி மேலே எலுமிச்சை வாடும்போதுதான் எண்ணத் தொடங்குவார்கள். உங்கள் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

எதிருரையைத் தனியாக அனுப்புகிறேன். வர இயலாது.

எதிருரையாளர்

*(தனித்தாள்.)*

டேய், அன்றைக்கு நான் சொன்னது தமாஷ். நீ சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய், நானும் வைத்துக்கொண்டேன். நம் வீட்டில் யாருக்கும் முகத்தை இறக்கி வைக்கத் தெரியாது.

வரச் சொல்லிக் கூப்பிட்டாய். அந்த வரியை ஆய்வகத்திலேயே படித்தேன், கண் கலங்கிவிட்டது. உதவியாளர் பார்த்துவிட்டு “மேடம், மருந்து ஏதாவது கண்ல பட்டுடுச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எப்படி வருவது? இந்தக் கலப்பினத்துக்காக நாலு வருடமாக முயன்று இந்தத் தடவைதான் மொட்டு பிடித்திருக்கிறது. பூ என்ன என் தம்பியா, இத்தனை வருஷம் விறைப்பாக நின்று காத்திருக்க? காலையில் விரியும், மதியம் சுருங்கிவிடும். உதவியாளரை விட்டுச் செய்யச் சொல்லலாம், ஆனால் மகரந்தம் தொடும் தூரிகையை இதுவரை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

குட்டியிடம் சொல், அத்தை நிஜம்தான், கொஞ்சம் திமிர் பிடித்தவள் என்று. பேசும்போது வேகமாகப் படிக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அக்கா

ஏப்ரல் 9
மாநாட்டு விடுதி, அறையிலிருந்து

அக்கா,

இது உன் கையில் கிடைக்கும்போது என் பேச்சு முடிந்திருக்கும். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை அரங்கத்துக்குப் போனேன். வாசலில் ஒரே கூட்டம். ஏழெட்டுக் கட்டுரைகளின் கடிதங்கள் மேசைகளில் இருக்க, எல்லோரும் ஒரு மேசையை மட்டும் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நம் மேசை. என் கட்டுரைக்கு இவ்வளவு வரவேற்பா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன். உயிரணு வரலாறு எழுதும் பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்: “எடுத்துக்கொள்வேன், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.”

தனித்தாள்கள். ஒன்று விடாமல் எல்லாமே மேசையில் இருந்தன.

செயலாளரிடம் ஓடினேன். அவர் நிதானமாக, “எதிருரையாளரோட ஆய்வகத்துலேர்ந்து வந்த கட்டு அப்படியே வெச்சிருக்கேன் தம்பி. மொத்தமும் நகல் எடுத்து, பக்க எண் போட்டு, முத்திரை குத்தி வந்துது. இவ்வளவு ஒழுங்கா யாருமே அனுப்பினதில்ல” என்றார். உன் ஆய்வகத்தில் எந்தத் தாளையும் தள்ளி வைக்கக் கூடாது, பிழையான முடிவும் பதிவாக வேண்டும் என்று நீதானே எல்லோரையும் பழக்கி வைத்திருக்கிறாய். உன் உதவியாளர் தபாலில் வந்தது, போனது எல்லாவற்றையும் நகலெடுத்து, ‘வாசலில் வைக்காதே’ என்ற வரிக்கும் முத்திரை குத்தியிருக்கிறாள்.

எடுத்துவிடச் சொன்னேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் விடவில்லை. தேநீர் நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் வந்து, “அத்தை வரலையா?” என்று கேட்கிறார்கள். ஓர் இளம் ஆய்வாளர் என் தோளைத் தட்டி, “எங்கண்ணனும் என் வேலையைப் பத்தி இதேதான் சொல்வாரு சார்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பரிணாமம் பற்றி எழுதும் இருவர், அன்றைக்கு மேசையில் சிரித்தது தப்பா, நான் சிரிக்காதது தப்பா என்று மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள். எதிரெதிர்க் கட்சிகளே உருவாகிவிட்டன. உன் கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம்.

வெட்கம் போன பிறகு மனசு லேசாகிவிட்டது அக்கா. இத்தனை வருஷமாக நெஞ்சில் மூடி வைத்ததை ஓர் அரங்கமே படித்துவிட்டது, ஒன்றும் குடி முழுகவில்லை. அறைக்கு வந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் செயலாளர் உன் ஆய்வகத் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்றேன். “சும்மாதான்” என்றார். அவர் சும்மா ஒரு வேலையும் செய்கிற ஆளில்லை.

நாளை மறுநாள் பிற்பகல் என் முறை, கேட்பதற்குக் குட்டியும் அவள் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். உன் எதிருரை வந்துவிட்டது. பெரியவர் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன் குரலில் இருக்காது. பூ நல்லபடியாகப் பிடிக்கட்டும்.

உன்
வாயாடி

ஏப்ரல் 11
*(மாநாட்டு நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதி, கை மாற்றிக் கை மாற்றி மேடைக்கு அனுப்பப்பட்டது)*

கட்டுரையாளர் அவர்களுக்கு,

முன்வரிசை, ஜன்னலோரம். தாளிலிருந்து தலையை நிமிர்த்தினால் தெரிவேன். நான்காம் பக்கம்வரை ஒரு தரம்கூட நீங்கள் நிமிரவில்லை, அதனால் எழுத வேண்டியதாயிற்று.

உங்கள் செயலாளர் முந்தாநாள் போனில் பிடித்துக்கொண்டார். “உங்க எதிருரையை வேற யாரையும் வாசிக்க விடமாட்டாங்களாம், இங்க இருநூறு பேர் கொடி பிடிக்காத குறை” என்றார், தனித்தாள்கள் வாசலுக்கு வந்த கதையையும் சொன்னார். நான் பூவைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற உதவியாளர், “பூவை நான் பாத்துக்கறேன் மேடம், நீங்க தம்பியைப் பாத்துக்கங்க” என்று என் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். தனித்தாள்களுக்கு முத்திரை குத்தியவளை வேலையை விட்டு அனுப்பலாமா, சம்பளத்தை உயர்த்தலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். உயர்த்திவிடலாம். இன்று காலை போன் செய்தாள், எல்லாப் பூவிலும் தொட்டு முடித்துவிட்டாளாம்.

குட்டி என் மடியில் இருக்கிறாள். நெஜ அத்தையா என்று இரண்டு முறை கிள்ளிப் பார்த்துவிட்டாள். செயலாளர் சொல்லி வைத்ததால் உன் மனைவி எனக்காக இந்த நாற்காலியைக் காலையிலிருந்தே பிடித்து வைத்திருக்கிறாள்.

முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாய். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. மரம் மறுத்தால் கேள்வியை மாற்ற வேண்டும் என்று இப்போது சொன்னாயே, அதைக் கேட்டுப் பின்வரிசையில் ஒருவர் பேனாவைத் தேடினார். நானும் எழுதிக்கொண்டேன். நாளைக்கே என் தோட்டத்தில் அதை வைத்து ஒரு சோதனையை மாற்றப் போகிறேன்.

வேலைதான்டா. நல்ல வேலை.

தண்ணீர் குடி. மெதுவாகப் படி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தாம் பகுதிக்கு வா, அங்கே உனக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், சும்மா விட மாட்டேன்.

இதற்குத் தனித்தாள் கிடையாது. பேச்சு முடிந்ததும் நகலெடுத்து வாசலில் வைக்கச் சொல்.

அக்கா