மாலதி பேசிய படம்

9-8-1972, புதன்

இன்றும் மாலதி வாய் திறக்கவில்லை. கேட்டால் "சரி", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நான் கரக்பூர் ரயில்வே பட்டறையில் இருந்தபோது கட்டிக்கொண்டு வந்த வங்காளத்துப் பெண். அங்கே பேசிப் பேசியே என் காதைத் தின்றவள்! சித்திரையில் அவள் அம்மா போய்ச் சேர்ந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் தருமபுரிக்கு வந்தது. அன்றிலிருந்து இப்படி. அவள் பாஷையில் அழக்கூட இங்கே துணை இல்லை. மகள் அமலிக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தெரிந்தது வழி கேட்க மட்டும் போதும். என்ன செய்வேன்?

13-8, ஞாயிறு

மாதா கோவிலிலிருந்து திரும்பும்போது சுவரில் ஒரு சினிமா போஸ்டர். சும்மா கிளறினேன். "உங்க ஊர்ப் படமெல்லாம் ஒரே அழுகைதானே?"

மகராசிக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு வரும்வரை பேசினாள். அம்மாவும் இவளும் பொரிப் பொட்டலத்தோடு மாலை ஆட்டத்துக்குப் போவார்களாம். வெளிநாட்டில் பரிசு வாங்கிய படத்தை அம்மா ஒரு தடவை பார்ப்பாள். அழவைக்கும் படத்தை அஞ்சு தடவை. கதாநாயகன் வாயே திறக்கமாட்டான், ஒரு பக்க வசனத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவான். அரிசி புடைத்துக்கொண்டே அம்மா வசனம் மொத்தத்தையும் ஒப்பிப்பாளாம்.

அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது.

18-10

ரயில் கார்டு வெங்கடாசலம் சொன்னார்: பெங்களூர் வங்காளிகள் துர்கா பூஜைக்குப் பழைய படம் ஒன்றை வரவழைத்திருக்கிறார்களாம். தாயும் மகளும் கதை. ஒரு நாளைக்குக் கேட்டால் ரயிலில் கொண்டுவந்து தருவார். மாலதியிடம் மூச்சு விடவில்லை.

டூரிங் டாக்கீஸ் சர்தார் பாயிடம் போனேன். "ஏனுங்க ஞானராஜ், பாஷை தெரியாத படத்தப் போட்டா சனம் மண்ண வாரி எம்மேல எறியும்ங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "செவ்வாக்கெழம போட்டுக்கலாம். அன்னிக்கு ஈ காக்கா வராது."

25-10, புதன்

நேற்றைய கூத்தை எழுதாமல் முடியாது.

கூட்டம் வந்துவிட்டது. வங்காளத்தம்மா ஊர்ப் படமாம் என்று தெருப் பெண்கள் அத்தனை பேரும். திரையில் ஆறு, படகு, கதவருகே ஒரு தாய். மாலதி என் கையைப் பிடித்தாள். தாய் வாயைத் திறந்தாள் — வந்தது நாதஸ்வரம். மெஷின் ஓட்டும் மாதப்பன் படத்தின் சத்தத்தை அமுக்கிவிட்டு ரெக்கார்டு போட்டிருக்கிறான். ஓடிப்போய்க் கரடியாய்க் கத்தினேன்.

"புரியாத பேச்ச சனம் எதுக்குங்ணா கேக்கணும்? நல்லதுன்னுதான் செஞ்சேன்."

அட பாவி. அந்தப் பாஷை அவள் காதில் விழத்தானே இத்தனை பாடு. பதற்றத்தில் எதையோ திருகினான். ரெக்கார்டும் நின்றது, படமும் ஊமையாகிவிட்டது.

தலையில் கைவைத்துத் திரும்பினால் — கொட்டகைக்குள் மாலதியின் குரல். அமலியின் காதோரம் ஆரம்பித்திருக்கிறாள். திரையில் தாய் வாயசைக்க அசைக்க இவள் வங்காளத்தில் சொல்லிக்கொண்டே போகிறாள். அரிசி புடைத்துக்கொண்டே அவள் அம்மா ஒப்பித்த படம் இதுதான் போல. பக்கத்து வீட்டுச் சாலம்மாள், "அப்படியே எங்களுக்கும் தமிழ்ல சொல்லு கண்ணு" என்றாள். தமிழிலும் சொன்னாள். தப்பும் தவறுமாக, சத்தமாக. யாரும் கேலி செய்யவில்லை.

தாய் சாகும் இடத்தில் நிறுத்தினாள். வாய்விட்டு அழுதாள். பெண்களும் அழுதார்கள். நானும்தான், இதில் என்ன வெட்கம்?

கடைசி ரீலில் மாதப்பன் சத்தத்தைச் சரிசெய்துவிட்டான். "அத நிறுத்துடா, அந்தம்மா சொல்றது கேக்கல" என்று சாலம்மாள் போட்ட அதட்டலில் மாலதி சிரித்துவிட்டாள்.

26-10

நன்றாகத் தூங்கினேன்.

4-2-1973, ஞாயிறு

ஒகேனக்கல் மீன் வாங்கிவந்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்தாள் மாலதி. அவ்வளவுதான், வங்காளத்தில் என்னைத் திட்டப் பிடித்துக்கொண்டாள், மூச்சு விடாமல். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அமலி தமிழில் சொன்னாள்.