கடலடியில் எங்கள் கால் பட்ட இடம்

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும், கடலுக்குள் இறங்கும்போது நான் போடும் ரப்பர் உடுப்பின் உப்பு நாற்றம் முகத்தில் அடித்தது. போன வருடம் லீவில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது இதை உன் லயத்து வீட்டுக் கொடியில்தான் காயப்போட்டேன். "என்னாடி இது, செத்த மாட்டுத் தோலு மாதிரி?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாய்.

அன்றுதான் மடிக்கணினியில் என் வேலையைக் காட்டினேன். கடலடியை நூற்றுக்கணக்கில் படம் பிடித்து, ஒன்றாகச் சேர்த்து, பவளப்பாறையை மேடுபள்ளத்தோடு திருப்பிப் பார்க்கிற முப்பரிமாண ஸ்கேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பவளம் இன்னும் கொஞ்சம் உடைந்திருந்தது. மீனவர்களின் வலைதான் காரணம் என்று அறிக்கை எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பினால் அந்தக் கரையில் மீன்பிடிக்கத் தடை வரும்.

மத்தியானம் கொழுந்தெடுக்க மலைக்குத் திரும்பப் புறப்பட்ட நீ, கூடையோடு குனிந்து திரையைப் பார்த்தாய். "இந்த வெள்ளத் தட்டெல்லாம் யாரு வச்சா?"

"நாங்கதான். அடையாளத்துக்கு. அங்கயிருந்துதான் படம் எடுக்கத் தொடங்குவோம்."

"அப்ப அது ஒங்க மடுவம்டி. கொழுந்து நிறுக்க எல்லாரும் முண்டியடிக்கிற எடத்துல செடி உருப்படுமா? தட்டச் சுத்தித்தானே ஒடஞ்சிருக்கு. ஒங்க காலுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கடலப் பத்தி ஒனக்கு என்னாடி தெரியும்?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போய்விட்டாய்.

வேலைக்குத் திரும்பியதும் பழைய ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வலை விழும் பக்கம் பவளம் நன்றாகவே இருந்தது. உடைந்ததெல்லாம் நாங்கள் முழங்கால் ஊன்றிய இடங்கள். வெட்கமாக இருந்தது. பிழை எங்களுடையது என்று அறிக்கையை மாற்றினேன். பொறுப்பாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தடை வரவில்லை, அந்த மனிதர்கள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள்.

உன்னிடம் நேரில் வந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மலையில் உன்னைக் குளவிக் கூட்டம் கொட்டிவிட்டது. நான் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா நான்?

இப்போது நாங்கள் யாரும் தரையில் கால் ஊன்றுவதில்லை, மிதந்தபடியே படம் எடுக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் கேட்டாள்.

"இந்தப் பிழைய மொதல்ல கண்டுபிடிச்சது யாரு அக்கா?"

"என் கூட்டாளி. தோட்டத்துல கொழுந்து எடுத்தவ."

"அவங்களும் கடலுக்குள்ள இறங்குவாங்களா?"

இல்லை என்று மட்டும் சொன்னேன். நீ கடலைப் பார்த்ததே இல்லை. கூட்டிக்கொண்டு போகிறேன், போகிறேன் என்று சொன்னவள் நான்தானே.