பல்லேகமத் தோட்டத்து ஒப்பம்

மாத்தளை
14.07.2001

அன்பு மகள் றாபியாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகம், குவைத்து வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறோம். நீ அனுப்பிய தைலம் கிடைத்தது, உம்மா அதை முழங்காலில் தேய்ப்பதை விட அக்கம்பக்கத்துக்குக் காட்டுவதுதான் அதிகம். இதை வீட்டில் வைத்து எழுதவில்லை, தபால் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏன் என்று படித்தால் விளங்கும்.

இந்த முறை மிளகு நன்றாகக் காய்த்தது. மக்கீன் முதலாளி நம் பக்கத்துப் பன்னிரண்டு தோட்டத்து மிளகையும் சேர்த்துத் தூத்துக்குடிக்கு அனுப்பப் பார்த்தார். இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறதல்லவா, இந்த நாட்டில் விளைந்ததுதான் என்று அத்தாட்சிப் பத்திரம் காட்டினால் அங்கே சுங்கத்தில் தீர்வையைக் குறைப்பார்களாம். யாரோ பிற நாட்டு மிளகைக் கப்பலில் இறக்கி நம்முடையது என்று அனுப்பினார்களாம், அதிலிருந்து எல்லார் மேலும் சந்தேகம். கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி மாத்தையா வந்து தோட்டம் தோட்டமாகப் பார்த்து, விளைவித்தவர்களிடம் ஒப்பம் வாங்கினார். நம் பல்லேகமத் தோட்டம் உன் நானா ரவூபின் பெயரில்தானே இருக்கிறது. எண்பத்தொன்பது கலவரத்தில் நாலந்தாச் சந்தியில் வைத்து அவனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய், ஆள் திரும்பாத பிறகும் ஒவ்வொரு போகமும் சாக்கில் அவன் பெயரைத்தான் உம்மா எழுதச் சொல்வாள், வந்தால் அவனுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்பாள். மக்கீனும் இத்தனை வருஷமும் வாய் திறக்காமல் அப்படியே பதிந்துகொள்வார், நல்ல மனுஷன். அந்தப் பட்டியலையே கொழும்புக்கும் அனுப்பி வைத்திருக்கிறார், புத்தி கெட்ட மனுஷன்.

மாத்தையா ரவூபைக் கூப்பிடச் சொன்னார். இல்லை என்றேன். எங்கே என்றார், தெரியாது என்றேன். தன்மையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. ஆள் இல்லாத தோட்டத்து மிளகு எங்கே விளைந்தது என்று மேலே கேட்பார்கள், வெளிநாட்டில் இருந்தால் அவருடைய கடிதம் வேண்டும், இறந்திருந்தால் தகப்பன் நீங்கள் அப்படி எழுதித் தந்தால் போதும் என்றார். நம் மிளகை மட்டும் ஒதுக்கிவிடுங்கள் என்றேன். மக்கீன் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒரே தரையில் கொட்டிக் கலந்து காயப்போட்டிருந்தார், எதை ஒதுக்குவது. ஒரு பெயர் சரியில்லை என்றால் பன்னிரண்டு பேர் மிளகும் நின்றுவிடும். மேல் தோட்டத்துக் கமலாட்சி இதை நம்பித்தான் மகள் கல்யாணத்துக்கு நாள் வைத்திருக்கிறாள்.

மக்கீன் என்னை ஒரு பக்கமாக இழுத்து, "மச்சான், மகன்ட ஒப்பத்த நீங்களே வைங்க, யாரு பாக்கப் போறா" என்றார். பேனாவை எடுத்தேன். அவன் ஒப்பம் எனக்குத் தெரியாததா. ஆனால் அவன் இல்லை என்று எழுதுவதை விட, அவனாக நான் எழுதுவது பெரிய பாவமாகப் பட்டது. மகன் மௌத்து என்று எழுதி என் ஒப்பத்தை வைத்தேன். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று கச்சேரி அதிகாரிகள் சொன்னபோது கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்தவன் நான், கடைசியில் மிளகுக்காக எழுதிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை மகள். சோறு இறங்குகிறது, தொழுகிறேன், கடைக்குப் போகிறேன், ஒன்றும் உறைக்கவில்லை.

பத்திரம் கிடைத்து, திங்கட்கிழமை லொறி போய்விட்டது. உம்மா, அவன் பெயரில்தானே போனது என்று கேட்டாள். ம் என்றேன்.

வீட்டுக்கார அம்மா ஏசினால் பதில் பேசாதே, பாஸ்போட்டை உன் கையிலேயே வைத்துக்கொள், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வான். உம்மாவுக்கு எழுதும்போது இதைப்பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காமல் செய். தொழுத பிறகு நானாவைக் கொண்டுவந்து சேர் என்று இனிக் கேட்காதே. அவன் அடங்கிய கப்ரை விசாலமாக்கு என்று கேள், அது எங்கே என்று தெரியாவிட்டாலும் கேள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ முதலில் கேள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஸெய்னுலாப்தீன்