டிக்கெட் கேட்டவருக்கு ஒரு நன்றி

ஹாதர்லி,
மார்ச் மாதம், வழக்கமான மழை.

அன்பு மகள் ஜெம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் கனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. வீட்டை விற்கவில்லை, இந்த வயதில் மறுமணமும் செய்துகொள்ளவில்லை. தடித்த கறுப்புப் பேனாவில் எழுதுவதால் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வரிகள் மேடேறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் நீதான் கூடவே போய்ப் படித்துக்கொள்ள வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வேடிக்கையாக ஏதாவது சொல்வேன், நீ சிரிப்பாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். என் வேடிக்கைப் பேச்சு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? கோர்ட்டில். பதறாதே, எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஜெயிலிலிருந்து எழுதவில்லை. நம் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு டாஃபி டின் வந்ததே, நீயும் பிள்ளைகளும் இரண்டே நாளில் காலி செய்தீர்களே, அதை வாங்க லீட்ஸுக்குப் போன அன்று நடந்தது. நம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலை மூடி வெகுகாலம் ஆகிறது. பிளாட்பாரத்தில் ஒரு மெஷின் நிற்கிறது. அது ஒன்று மாற்றி ஒன்றாகக் கேள்வி கேட்கும். நான் எதையோ அமுக்கினேன், அது திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நம் ஊர்க்காரர்கள் வாய்விட்டுத் திட்ட மாட்டார்கள், பெருமூச்சு விடுவார்கள். அது திட்டுவதைவிட மோசம். அதற்குள் ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். வண்டியில் டிக்கெட் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

லீட்ஸில் இறங்கினால் வாசலில் பரிசோதகர் நிற்கிறார். சிவப்புத் தாடிக்காரர், நல்ல வாட்டசாட்டம். "டிக்கெட் குடுங்க சார்" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "உங்க ரயில் வர்ற லட்சணத்துக்கு நீங்கதான் எனக்குக் காசு குடுக்கணும்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் குஷி ஏறிவிட்டது. "மெஷின் வேலை செஞ்சுதா?" என்று கேட்டார். செய்தது என்றேன். "அப்ப ஏன் வாங்கல?" என்றார். உண்மையான பதில் நாக்கு நுனி வரை வந்தது, ஜெம்மா. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "வாங்கணும்னு தோணல. இத்தனை வருஷமா எவன் கேட்டான்?" என்று சொல்லிவைத்தேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ரயில் கம்பெனியிலிருந்து கடிதங்கள் வந்தன. பொடி எழுத்து. நான் அவற்றை ரொட்டி வைக்கும் டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு, இல்லாத மாதிரியே இருந்தேன்.

அவற்றைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு பெர்னிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், உன் அம்மா போன பிறகு ஞாயிறு தவறாமல் எனக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைப்பவள். உனக்குத்தான் தெரியுமே, அவளிடம் எதையும் மறைக்க முடியாது. உறைகளைக் கிழித்து நின்றபடியே உரக்கப் படித்தாள். என் வேடிக்கைப் பேச்சு மொத்தமும் அச்சில் ஏறியிருந்தது. அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குச் சிரிப்பு வருது மால்கம். மாஜிஸ்ட்ரேட்டுக்கு வராது. ஏமாத்தணும்னே டிக்கெட் இல்லாம ஏறினான்னு கேஸ் போட்டிருக்காங்க. இதுல நீ தோத்தா, ஏமாத்துக்காரனைப் பள்ளிக்கூட வாசல்ல நிக்க வைப்பாங்களா? கவுன்சில் உன் கோலைப் புடுங்கிடும்" என்றாள்.

அந்தக் கோல் எனக்கு என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அந்தக் குளிர்காலத்தில் நான் படுக்கையை விட்டு எழுந்ததே அந்த மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு, வட்டப் பலகை வைத்த அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை ரோடு தாண்டவைக்கப் போய் நிற்கத்தான். குழந்தைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் லாலிபாப் தாத்தா. காலையிலும் மாலையிலும் நான் கோலை நீட்டினால் லாரிகூட நிற்கும். என்னால் ஒருவருக்கு உபயோகம் உண்டு என்று வேறெங்கும் எனக்குத் தோன்றியதில்லை.

"கண்ணு தெரியல, மெஷினைப் படிக்க முடியலன்னு சொல்லிடு. விட்டுடுவாங்க" என்றாள் பெர்னிஸ். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்றேன். "ஒரு வருஷமா உனக்கு பஸ் நம்பர் படிச்சுச் சொல்றது யாருய்யா? உங்கப்பனா?" என்று கேட்டாள். ஆக, உனக்கும் இப்போது தெரிந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் மட்டும் ஒரு கலங்கல், போட்டோவில் ஈர விரலை வைத்துத் தேய்த்தது போல. ஓரமெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கண் தெரியவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் கேஸ் போய்விடும், கூடவே கோலும் போய்விடும். சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு கோல் போகும். இரண்டுக்கும் நடுவே நான் மாட்டிக்கொண்டு விழித்தேன். நான் சொல்லாமல் நீ வாயைத் திறக்கக் கூடாது என்று பெர்னிஸிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கோர்ட்டுக்கு அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்ததில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே ரயில் கம்பெனியின் வக்கீலம்மா தாழ்வாரத்துக்கு வந்து எங்களைத் தேடினார். ஒரு கையில் காகிதக் கட்டு, இன்னொரு கையில் பாதி தின்ற சாண்ட்விச். "ஹர்ஸ்ட் சார், நீங்க சொன்னது ஒண்ணொண்ணும் இதுல இருக்கு. படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இதுவரைக்கும் உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. டிக்கெட் காசையும் எங்க செலவையும் கட்டிடுங்க, கேஸை வாபஸ் வாங்கிக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்ல" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார். கோர்ட் இல்லை, கெட்ட பெயர் இல்லை, கண்ணைப் பற்றிக் கேள்வியும் இல்லை. மறுநாள் காலை வழக்கம் போலக் கோலோடு போய் நிற்கலாம். பணம் கட்ட உடனே சரி என்றேன். பெர்னிஸ் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா காகிதத்தை நிரப்பிக்கொண்டே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளை ரோடு தாண்டவைக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைக் குரலிலேயே கேட்டேன். "அப்படியா! என் பொண்ணு ஸ்கூல்லயும் ஒருத்தர் இருக்கார். காலையில பிள்ளையை முக்குல எறக்கிவிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடியாறேன். அவர் இருக்கார்னு ஒரு நம்பிக்கைதான்" என்றார்.

ஜனவரியில் ஒரு நாள் பனிமூட்டம், ஜெம்மா. இதை நான் பெர்னிஸிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ரோடு காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கோலை நீட்டிக்கொண்டு நடந்தேன், ரூபி என்கிற சின்னப்பெண் என் பின்னாலேயே வந்தாள். பிரேக் சத்தம் கேட்ட பிறகுதான் அங்கே ஒரு கார் இருப்பதே எனக்குத் தெரிந்தது. சாம்பல் நிறக் கார். அது அந்தக் கலங்கலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. சத்தம் வந்த பக்கத்திலிருந்து அவளை இழுத்துக்கொண்டேன். அவள் தொப்பி மட்டும் ரோட்டில் விழுந்தது. அவள் அம்மா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா!" என்று அழுதாள். காரோட்டியைக் கண்டபடி ஏசினாள். அந்த ஆள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

தாழ்வாரத்தில் வக்கீலம்மா பேனாவை என் கையில் கொடுத்தபோது எனக்கு அந்தத் தொப்பிதான் ஞாபகம் வந்தது. "மெஷின்ல இருந்த எழுத்து எனக்குத் தெரியலம்மா. அதான் டிக்கெட் வாங்கல. கண்ணு போயிட்டிருக்கு" என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "இதை நான் எழுதிக்கணுமா, வேண்டாமா? எழுதினா, கவுன்சில் கேட்டா அவங்களுக்கும் தெரிஞ்சிடும்" என்று மெதுவாகக் கேட்டார். எழுதுங்கள் என்றேன். செலவுப் பணத்தை அடித்துவிட்டு, டிக்கெட் காசை மட்டும் வாங்கிக்கொண்டார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. குரலை மறக்க மாட்டேன்.

பெர்னிஸ் என்னோடு பஸ்ஸில் திரும்பினாள். வீட்டு வாசலில் என் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டு, "இன்னிக்கு மக்ரோனி பை பண்றேன். முழுசா தின்னணும், சாக்கு சொல்லக் கூடாது" என்றாள். அவள் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை நானே கோலைத் தலைமையாசிரியை மிஸஸ் அக்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜனவரியில் நடந்ததையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் எழுந்து வந்து கோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். ரூபியின் அம்மாவையும் வரவழைத்துச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில், "சொன்னதுக்கு நன்றி" என்றாள். முன்பு சொன்ன நன்றியை விட இது சின்னதுதான். ஆனால் இதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வர முடிந்தது. இப்போது கவுன்சில் ஒரு இளம்பெண்ணை அனுப்பியிருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகள் கத்திக்கொண்டு ரோடு தாண்டுவதைக் கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கிறேன். வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

கண் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டேன். ஊசி போடுகிறார்கள், கண்ணுக்குள்ளேயே. நீ நினைப்பது போல் அவ்வளவு மோசமில்லை. போனது திரும்பாதாம். இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாமாம். சீக்கிரம் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில், "அப்பா, நீங்க என்னைப் பாக்காம என் காதைப் பாத்துப் பேசறீங்க. டாக்டர் கிட்ட காட்டுங்க" என்று நீ சொன்னாய். உன் காது அழகாக இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். நீதான் முதலில் கண்டுபிடித்தாய், தங்கம். அதற்கு என் நன்றி, தாமதமாக.

ஒரு கூத்தும் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக லீட்ஸில் இறங்கினேன், பெர்னிஸ் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு. வாசலில் "டிக்கெட் குடுங்க சார்" என்று அதே குரல். சிவப்பாக ஒரு தாடியும் ஓரத்தில் தெரிந்தது. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு என்னைப் புடிச்சதுக்கு ரொம்ப நன்றி" என்று மனதாரச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்களா சார்? போங்க, போங்க" என்று என்னை வாசலைத் தாண்டி அனுப்பிவிட்டார். என் வாழ்நாளில் கிண்டலில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான், அதையும் நம்பவில்லை. நீயாவது நம்பு. அந்த மனிதர் என்னைப் பிடிக்காமல் விட்டிருந்தால் நான் இன்றும் அந்த ரோட்டில்தான் நின்றுகொண்டிருப்பேன். தினமும் அவருக்காகப் பிரார்த்திக்கிறேன்.

நீ அழைக்கும்போதெல்லாம், பள்ளி நடக்கிறது, எப்படி வருவேன் என்று தட்டிக்கழித்தேன். இனி அந்தச் சாக்கு இல்லை. உங்கள் ஊரில் கோடை வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது, அதனால் ஈஸ்டர் முடிந்ததும் வருகிறேன். உன் சின்னவனை இன்னும் நேரில் பார்க்கவில்லை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. பயப்படாதே, டிக்கெட்டோடுதான் வருகிறேன். பெர்னிஸ் இரண்டு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டாள். விமான நிலையத்தில் யாரோ என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவார்களாம். பிடிக்கட்டும், நான் முறைக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி செய், மகளே. வாசலில் கூட்டத்துக்குள் நிற்காதே, சாம்பல் நிறக் கோட்டு எதுவும் போட்டுக்கொள்ளாதே. நீயும் பிள்ளைகளும் நல்ல பளீர் மஞ்சளில் ஏதாவது போட்டுக்கொண்டு, முன்னால் வந்து நில்லுங்கள். நான் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்து வந்துவிடுகிறேன்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு
அப்பா