உனக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போன செருப்பு

என் ஆசை தனம் அக்கா,

நீ போய் நாலு வருஷம் ஆகப் போகிறது. இங்கே திண்டிவனத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் காலையில் வாசலுக்கு வந்தால் என் செருப்பு அங்கே இல்லை. உன் செருப்பு போன நாள் கண்முன் வந்துவிட்டது.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கிறவளா? விழுப்புரத்தில் அந்த டாக்டரம்மா உன் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? "எலும்பு தேஞ்சிருக்குது. வலி இருக்கத்தான் செய்யும். அதுக்காக உக்காந்துடாதீங்க, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நடங்க." நானும் உன் மகன் குமாரும் பக்கத்தில்தான் நின்றோம். அவன் காதில் விழுந்தது முதல் பாதிதான். வீட்டுக்கு வருவதற்குள், "நடந்தா இன்னும் தேஞ்சிடும்மா" என்று ஆரம்பித்துவிட்டான்.

பாசமாகத்தான் செய்தான். முதலில் கடைக்குப் போகாதே என்றான். பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் போகாதே என்றான். பிறகு சோறு கட்டிலுக்கே வந்தது. நீயும் சரி சரி என்றாய். வலி குறைந்ததா அக்கா? உட்கார உட்கார இடுப்புக்கும் ஏறிக்கொண்டது.

ஒருநாள் நான் வரும்போது வீடு பெருக்குகிற பெண் உன் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே போகிறாள். மேல்மலையனூர் அமாவாசைத் திருவிழாவில் நாம் ஒரே மாதிரி வாங்கின ஜோடி! நேரே உள்ளே போய்க் குமாரைப் பிடித்தேன்.

"இன்னாடா இது? உங்கம்மா உசுரோடதான கீது?"

"சும்மா கெடந்துச்சி சித்தி. அம்மா இனிமே எங்க நடக்கப் போவுது?"

"நடக்க வையிடா."

"நீ ரெண்டு நாள் இருந்துட்டு பஸ் ஏறிடுவ. வலியில கத்தறது எங்க காதுலதான வுழுது?"

அந்தப் பேச்சை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயே, ஏன்? அந்த ஐப்பசியில் நடுவில் ஓட்டை போட்ட கக்கூஸ் நாற்காலி உன் கட்டிலருகே வந்தது. அடுத்த ஐப்பசியை நீ பார்க்கவில்லை.

போன வாரம் என் செருப்பை எடுத்தது என் மருமகள் சுமதி. பரண்மேல் போட்டிருந்தாள்.

"மழையில வழுக்குதுங்க அத்தை. காலு வலிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"வலிக்குதுன்னு சொன்னேன். நடக்க மாட்டேன்னு சொன்னேனா? எறக்குடி."

இறக்கிக் கொடுத்தாள். அன்றும் தெருக்கோடிப் பால் டிப்போ வரை போய் வந்தேன். கிளம்பும்போது முட்டிக்குள் மணலை அரைப்பதுபோல் இருக்கும். டிப்போ மேடையில் கொஞ்சம் உட்காருவேன். திரும்பும்போது கால் சொன்ன பேச்சைக் கேட்கும். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குளிக்க, துணி அலச இன்னும் யார் கையையும் பிடிக்கவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது தீராத வலி இருந்தால், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு முடிந்த மட்டும் தினமும் நடங்கள். நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளாதீர்கள். என் அக்கா தள்ளினாள்.

நேற்று குமார் வந்தான். ஆட்டோவிலிருந்து பழைய புடவை சுற்றிய எதையோ இறக்கினான்.

"உனுக்கும் முட்டி வலின்னு சுமதி போன்ல சொல்லிச்சி சித்தி. அம்மாவுது சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கினு வந்துட்டேன்."

புடவையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உன் புடவைதான். கீழே நீட்டிக்கொண்டிருந்த நாலு கால்களும் எனக்குத் தெரிந்தவைதான்.

"எட்த்துக்கினு போடா!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும்மா, எப்பனா ஒதவும்" என்றான் என் மகன். கொண்டுபோய் என் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிறுத்திவிட்டான். எவ்வளவு பாசம் பார்!

இதை எழுதும்போதும் அது அங்கேதான் நிற்கிறது. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. செருப்பை இப்போதெல்லாம் நான் வாசலில் விடுவதில்லை, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் காலை ஊன்றி எழுந்து, அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போவேன் அக்கா. மறுநாளும் போவேன். அது எத்தனை நாள் நின்றாலும் என் காலால் அதைத் தாண்டுவேன். உன்மேல் சத்தியம்.

உன்னோடு ஜோடிச் செருப்பு வாங்கின
உன் தங்கச்சி கன்னியம்மா