கேட்டில் கட்டிய கறுப்புத் துணி

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. அப்பாவுக்கு வியாழக்கிழமை இதய ஆபரேஷன். நெய்யாற்றின்கரை, ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே டவுன். ஈரச் சுவர்கள், தகரக் கூரைகள், கரையும் பஸ் விளக்கு. வரைய மூன்று நிறம் போதும்: கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு. வானத்துக்கும் ரோட்டுக்கும் ஒரே சாம்பல்.

அப்பா படத்தை எட்டிப் பார்த்தார்.

“ஒரு ஆளும் இல்லியேலே.”

“மழைல்லா.”

“மழைன்னா இந்த ஊர்க்காரன் வீட்டில இருப்பானா?”

அவர் முகத்தை வரையத் தைரியமில்லை. அதனால்தான் டவுன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் மழை ஓய்ந்தது. பாறசாலையில் எங்கள் வீடு, மாற்றுத்துணி எடுக்க. அடுத்த படத்துக்கான புதுப் பலகைக்கு அடிப்பூச்சு, முழுக்கக் கறுப்பு. துடைத்த துணி பழைய வேட்டியில் பாதி, அதுவும் கறுப்பாகிவிட்டது. அலசி கேட்டில் காயக் கட்டிவிட்டு பஸ் பிடித்தேன்.

சாயங்காலம் அப்பாவின் போன். நான் எடுப்பேன் என்று ஊர்க்காரர் யாரோ அழைத்திருக்கிறார். அப்பாவே எடுத்தார். கொஞ்சநேரம் கேட்டார்.

“நான் தன்னே ஆக்கும் பேசுயது. இன்னும் மரிக்கேல்ல.”

சிரிப்பு. பிறகு இருமல்.

வாசலில் கறுப்புத் துணி என்றால் சாவு வீடு. எப்படித் தோன்றாமல் போனது.

ஜூன் 11, புதன்

துணியை அவிழ்க்க வீட்டுக்கு. பக்கத்து வீட்டு செல்வி அக்கா மதிலோரம்.

“கொடி கண்டு நடுங்கிப் போனோம் மக்கா. ஆளுவ இருக்க கசேரகூட இறக்கியாச்சு.” குரல் தாழ்ந்தது. “பொழியூர்லருந்து ஒனக்க பெரியப்பா வந்தாரு. ரீத்தும் கொண்டு, பெரிய பூ வளையம்.”

அப்பாவின் அண்ணன். பாகம் பிரித்ததிலிருந்து பேச்சில்லை.

“பின்ன?”

“உயிரோட உண்டுன்னு பறஞ்சேன். ஆஸ்பத்திரி பேரும் பறஞ்சேன். ‘அப்பிடியா’ன்னாரு. ரீத்தையும் எடுத்துட்டு அதே ஆட்டோவில திரும்பிப் போனாரு.”

ஆஸ்பத்திரி. அப்பாவின் முதல் கேள்வி: “யாரெல்லாம் வந்தாவ?”

பெயர்கள் சொன்னேன். இன்னும் காத்திருந்தார். பெரியப்பாவையும் சொன்னேன்.

“அண்ணனா?” என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். “கரஞ்சாரா?”

அழுதார் என்றேன். நிறுத்தியிருக்கலாம். இங்கே வருவதாகச் சொன்னார் என்றும் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. அப்பா சவரம் செய்யச் சொன்னார். கட்டிலை ஜன்னலோரம் தள்ளச் சொன்னார்.

“எலே, ஒனக்க பலகைய மாற்று. ரோடு தெரியல்ல.”

மாற்றினேன். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் தலை தூக்குகிறார். பெரியப்பாவுக்கு நான்கு முறை அழைத்தேன், வராந்தாவிலிருந்து. எடுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் வருகிறார் என்று மலையாளத்தில்:

“ஒரு அஞ்சு மினிட், சிஸ்டரே. சேட்டன் வருந்நுண்டு.”

நர்ஸ் என்னைப் பார்த்தார்.