எதிராக ஒரு கை

அன்புள்ள அப்பா,

மோர்டன் தமிழ்ச் சங்கத்தின் தலைவராக நீங்கள் மறுபடியும் தெரிவானதை 'ஏகமனதாக' என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன். எதிராக ஒரு கை உயர்ந்தது. அது செயலாளரான என் கை.

"கையை இறக்கு பிள்ளை, சனம் பாக்குது" என்றீர்கள். சற்குணம் மாமா, "என்ன, கை உளையுதோ?" என்று சிரித்தார். பதினாறு வருடமாக உங்களை எதிர்த்துப் போட்டியிட நீங்கள் ஒருவரையும் விடவில்லை என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

நான் ஆய்வு செய்யும் பழைய அமெரிக்க மாநிலச் சட்டசபைத் தேர்தல் பதிவுகளில், ஓர் ஊரில் ஒருவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வாக்குகள், மற்றவருக்கு ஒன்று. அந்த ஒன்றையும் எழுத்தர் எழுதியிருக்கிறார்.

நானும் எழுதிவிட்டேன்: ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு ஒன்று.

வேறு செயலாளரைத் தேடுவதானால் அதற்கும் வாக்கெடுப்பு வையுங்கள். நான் வருவேன்.

உங்கள் மூத்த மகள்